நான் வரும்வரை நின்ற கம்பம்

காலை பஸ்ஸின் முன்னால் பாவாயி வந்து நின்றாள். இடுப்பில் காலிக் குடம். தலையிலிருந்து கால்வரை ஈரம். முந்தானையில் ஒட்டிக்கொண்டிருந்த வேப்பிலையைக்கூட அவள் எடுத்துப் போடவில்லை. மாரியம்மன் கோயில் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள், பையும் கையுமாக நான் பஸ் படியில் கால் வைத்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்ணா, எங்கீங்க கிளம்பீட்டீங்க?"

"திருச்சிக்கு."

"எப்பத் திரும்புவீங்க?"

"நாளைக்கு."

"ராத்தங்கறீங்களா?" என்றாள். அப்படியே நகர்ந்து பஸ்ஸின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டாள். "போகக் கூடாதுங்ணா. கம்பம் நட்டாச்சில்லீங்களா?"

"அது உங்களுக்கு. நான் என்ன இந்த ஊர்க்காரனா?"

"உங்க பேருக்கும் நாந்தான் தண்ணி ஊத்தீட்டிருக்கறேன். நட்ட அன்னீல இருந்து ஊத்தறேன்."

எனக்கு அந்த வயதில் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "யாரு உன்னை ஊத்தச் சொன்னது?" என்று கத்தினேன். பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பாவாயி அசையவில்லை. டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டு, இது இப்போதைக்கு முடியாது என்று கணக்குப் போட்டவராகக் கீழே இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

கொங்குச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்து மாரியம்மன் நோன்பில், மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டிவந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து அதைப் பிடுங்கும் நாள்வரை ஊரைச் சேர்ந்தவர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்கும்போது ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். கம்பம் பிடுங்கும்போதும் எல்லாரும் இருந்தாக வேண்டும். அதுவரை எந்த வீட்டிலும் தாளிப்பும் கிடையாது. குழம்பு வெறும் குழம்பாகவே தட்டுக்கு வரும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் டிவிஷன் மனிதன்

கொழும்பில் நான் கால்பந்து ஆடிய ஒரு வருஷத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "இத்தனை ஊரில் ஆடினீர்களே, ஒரு தடவைகூட முதல் டிவிஷன் டீமில் இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நயமாகக் கேட்டிருக்கிறார். என் மனைவி இதே கேள்வியை நயமில்லாமல் கேட்பாள்.

கிடைக்கவில்லை ஐயா. ஈப்போவில் மூன்றாம் டிவிஷன். பினாங்கில் இரண்டாம் டிவிஷன். கொழும்பில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கிய டீம். அதற்கு என் கால்களும் ஓரளவு காரணம் என்று அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது. கடைசியாகச் சேலம் ஜில்லா, அங்கேயும் இரண்டாம் டிவிஷன். ரப்பர் விலை விழுந்து மலாயாவில் வேலைகள் போகாமல் இருந்திருந்தால் நான் பினாங்கைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டேன்.

எல்லா ஊரிலும் ஒரு விஷயம் மட்டும் மாறாமல் இருந்தது. பினாங்கில் எனக்கு இந்தியாக்காரன் என்று பெயர். கொழும்பில் மலாயாக்காரன். சேலத்தில் வந்து இறங்கினால் அங்கே மலாய்க்காரர். அப்பா ஈயச் சுரங்கத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம் என்பார். எந்தப் பக்கம் என்று கேட்டால் வேறு பேச்சுப் பேசுவார், அவருக்கே தெரியாது.

லீக் ஆட்டங்களில் வெளியாள் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு டீமில் இத்தனை வெளியாள்தான் ஆடலாம் என்று வைத்திருப்பார்கள். நான் ஆடிய டீம்களில் எல்லாம் நான் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். டீம் ஜெயித்தால் வெளியாளுக்கு மாலை கொஞ்சம் சின்னதாக இருக்கும். டீமைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் போகிறவன் அவன். இதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். பெட்டியை எப்போதும் பாதி கட்டியே வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

தறிக்குழிக் கால்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி முதலாளி இருந்தார். அவருடைய கைலிகள் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறின. மலாய் பாஷையும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். நூல் சிப்பங்களும் மஞ்சள் மூட்டைகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் சில மாதம் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பிறகு, ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் அவருக்காகக் கைலி நெய்த ஊரிலேயே தங்கிச் சரக்கைப் பார்த்து அனுப்பச் சொன்னார். மேட்டூரில் அணை கட்டி முடித்து ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

அந்த ஊரில் கால்பந்து இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. போய் இறங்கிய அன்று சாயங்காலமே, வற்றிக் கிடந்த ஏரிக்குள் பத்துப் பதினைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நெசவாளிகள். அவர்களுடைய கேப்டன், செக்ரட்டரி, கோல்கீப்பர் மூன்றும் ஒரே ஆள். பெயர் அர்த்தநாரி. இளவயதில் சேலத்துக்கு நூல் வாங்கப் போனபோது ரயில்வே ஆட்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு, நூலோடு ஒரு பந்தையும் வாங்கிக்கொண்டு வந்தவன். அவன் மனைவிதான் பாவாயி. அவர்கள் வீட்டு முன்னறையில்தான் நான் குடியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பார்த்த டீம்களில் முக்கால்வாசி ஆட்களுக்கு வலதுகால்தான் கால், இடதுகால் சும்மா நிற்பதற்கு. இவர்கள் சின்ன வயதிலிருந்தே தறிக்குழியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துப் பழகியவர்கள். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் அந்தப் பக்கக் காலால் அடிப்பார்கள். பினாங்கில் வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர் வருஷக்கணக்காகக் கத்தியும் எனக்கு வராத இடதுகால் அது. நான் அந்த ஏரிக்குள் நின்று வாயைப் பிளந்தேன். அடுத்த நாளே அவர்களுக்கு சென்டர் ஹாஃபாகச் சேர்ந்துவிட்டேன்.

அவர்களிடம் ஒரு பிடிவாதமும் இருந்தது. காலையில் தெரு நீளத்துக்குத் தறி நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போது பந்தைக் கையால்கூடத் தொடக் கூடாது, ஓர் இழை அறுந்தால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். பாவு சுருட்டின பிறகுதான் பயிற்சி. ஆட்டம் என்றால் அமாவாசை அன்றுதான், ஏனென்றால் தறிக்கு அன்றுதான் விடுமுறை. ஜில்லா முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற லீக்கில், இந்த ஒரு டீமுக்காக எல்லாரும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்தது. அர்த்தநாரி போய் எப்படியோ பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுவான்.

பூக் கேட்கும் முன்னால்

அந்த வருஷம் நாங்கள் இரண்டாம் டிவிஷனில் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஓமலூரில் ஆடிய ஆட்டத்தை மெட்ராஸ் முதல் டிவிஷன் டீமின் மானேஜர் ஒருவர் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவராம். பந்தலில் சும்மா உட்காரப் பிடிக்காமல் மைதானத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் என்னிடம், "உனக்கு வயசென்ன?" என்று கேட்டார். இரண்டு வயது குறைத்துச் சொன்னேன். "பங்குனியில் திருச்சியில் ஒரு கோப்பைக்கு உங்கள் டீமைக் கூப்பிடப் போகிறார்கள். நானும் வருவேன். அங்கே இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முழங்காலில் ஒரு வலி வந்து போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான் அது ஓடவிடும் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸ், முதல் டிவிஷன், புல் முளைத்த மைதானம், பத்திரிகையில் பெயர். இது தவறினால் இன்னொன்று கிடையாது.

திருச்சிக்காரர்களோடு தேதி பேசி முடித்தவன் அர்த்தநாரிதான். வழக்கம்போல அமாவாசையைக் கேட்டு வாங்கிவிட்டான். பங்குனி அமாவாசை செவ்வாய்க்கிழமை வந்தது. "செவ்வாக்கெழமைங்ணா, அமாவாசை, ரெண்டும் ஒண்ணா வருது. நமக்கு நல்லதுதான்" என்று சந்தோஷமாக வந்து சொன்னான்.

மாரியம்மன் நோன்பு பெரும்பாலும் மாசிக் கடைசியிலேயே முடிந்துவிடும். ஆனால் அதைத் தொடங்கும் நாளை ஊர் தீர்மானிப்பதில்லை. அம்மன் காலடியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்லிப் பூக் கேட்பார்கள். வெள்ளை வந்தால்தான் நோன்பு சாட்டி ஊருக்கு அறிவிப்பார்கள். சிவப்பு வந்தால் இன்னொரு வாரம் காத்திருந்து மறுபடி கேட்பார்கள். அந்த வருஷம் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் வெள்ளை வந்து கம்பம் நட்டபோது, அதைப் பிடுங்கும் புதன்கிழமை எங்கள் ஆட்டத்துக்கு மறுநாள் என்று விழுந்தது.

பூக் கேட்கும் முன்னால் தேதி கொடுத்துவிட்டான் அர்த்தநாரி. அந்த ஊரில் ஒரு குழந்தைகூடச் செய்யாத தப்பு அது. திருச்சியில் ஆட்டம் முடிய இருட்டிவிடும், அதற்கப்புறம் பஸ் கிடையாது. என்னைத் தவிர டீம் முழுக்க அந்த ஊர். ஒருவரும் ராத்தங்க முடியாது. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டோம். திருச்சிக்காரர்கள் முடியாது என்றார்கள்.

அர்த்தநாரி இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு திருச்சியிலிருந்து எனக்கு மட்டும் ஒரு தந்தி வந்தது. நாலைந்து ஊர் ஆட்களைச் சேர்த்து ஒரு டீம் செய்திருக்கிறோம், நீ வந்து அதில் ஆடு, மெட்ராஸ்காரர் கட்டாயம் வருகிறார் என்று சொன்னது. நான் ஊர்க்காரன் இல்லை. என்னைத் தடுக்க ஒன்றுமில்லை. வெளியாளாக இருப்பதில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லாபம் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே பூட்ஸைத் துடைத்து வைத்தேன்.

பஸ் காத்திருந்தது

பாவாயி அங்கேயே நிற்க, யாரோ ஓடிப்போய்ப் பெரியதனக்காரரை அழைத்து வந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் கோயில் காரியமும் அவர் கையில்தான். வாயில் வேப்பங்குச்சியோடு, தோளில் துண்டோடு, அவசரமில்லாமல் வந்தார். முதல் காரியமாகப் பஸ்ஸுக்குள் இருந்தவர்களைப் பார்த்து, "சித்த நேரம் பொறுத்துக்குங்க சாமி" என்றார். அவர்களுக்கும் இறங்க மனமில்லை. முதலில் இருந்து கேட்கிறவர்கள் பாதியில் எழுந்து போவார்களா?

"என்னை யாருங்க சேத்தாங்க?" என்று அவரிடம் பாய்ந்தேன்.

"நாந்தானுங்க. உங்க ஊட்ல பொம்பளையாளு இல்லீங்களே. அர்த்தநாரி சம்சாரத்துகிட்ட, அவருக்கும் சேத்து ஊத்தீரு அம்மிணின்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஊர்ல இருக்கறவங்ககிட்ட அத ஆரு கேப்பாங்க சாமி?"

வாதாட வந்தவனுக்கு இப்படிப் பதில் சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

"என்னத்துக்குப் போறீங்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மெட்ராஸ், மானேஜர், என் வயது, முழங்கால், ஈப்போவிலிருந்து இன்றுவரை நான் ஏறாத ஒரே ஒரு படி. ரோட்டில் நின்றுகொண்டு, பஸ் நிறைய ஜனம் கேட்க, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அங்க போனாத்தான் அவிய எடுப்பாங்களா?"

"ஆமாம்."

"அப்பப் போகத்தான் வேணும்."

பாவாயி, "பெரியப்பா" என்று ஆரம்பித்தாள். "இரு அம்மிணி" என்றார்.

என் பக்கம் திரும்பினார். "போயிட்டு வாங்க சாமி. நாளைக்கு நீங்க வந்தப்பறம் கம்பம் புடுங்கிக்கறோம்."

"காலையில புடுங்கணுமே?"

"நேரந்தான் தள்ளிப் போகும். நீங்க வாரவரைக்கும் கம்பம் நிக்கும்."

"நான் வராமலே போயிட்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நின்னுட்டேதான் இருக்குமுங்க. என்ன பண்றது?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மழை வந்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பாவாயி வழிவிட்டாள். டிரைவர் டீயைக் குடித்து முடித்து வந்து ஏறினார். நாமக்கல் வரைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. காவிரி கண்ணில் பட்ட பிறகும் ஆறவில்லை. கேட்காமல் சேர்த்துக்கொண்டவர்கள்மீது கோபம், சேர்த்ததை இவ்வளவு நாள் எனக்குச் சொல்லாததற்கும் கோபம்.

திருச்சியில் ஒரு சாயங்காலம்

கோபத்தோடு ஆடினால் நான் நன்றாக ஆடுவேன். அன்று என் வாழ்நாளிலேயே நன்றாக ஆடினேன் என்று நினைக்கிறேன். மைதானம் பூராவும் சரளை. எங்கள் டீமில் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது. "ஏய்", "இங்கே", "சிவப்புச் சட்டை" என்று கூப்பிட்டுக்கொண்டே ஆடினோம். இரண்டாம் பாதியில் வந்த பந்து ஒன்றை யோசிக்காமல் இடதுகாலால் திருப்பிவிட்டேன். அது முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன் காலுக்குச் சரியாகப் போய் கோலானது. எனக்கே ஆச்சரியம். நெசவாளிகளோடு ஓடியாடியதில் என்னை அறியாமல் எனக்கும் அந்தக் கால் வந்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மெட்ராஸ் மானேஜர் குடையை மடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்றைக்கு ராத்திரி ரயிலுக்கு என்னோடு வந்துவிடு. லீக் இந்த வாரம் ஆரம்பம். ஆபீசில் ஒரு வேலையும் தங்க அறையும் பேசியிருக்கிறேன்."

காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் நான் பத்து வருஷமாகக் காத்திருந்த சொல். "ஊருக்குப் போய்விட்டு நாளை மறுநாள் வந்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"பெங்களூரில் ஒரு பையன் தயாராக இருக்கிறான். நீ இன்றைக்கு வந்தால் நீ. இல்லாவிட்டால் அவன். சாமான்களைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாமே. ஊரில் அப்படி என்ன அவசரம்?"

"ஒரு மரத்தைப் பிடுங்க வேண்டும்."

அவர் சிரித்தார். "அதற்கு ஆளா இல்லை?"

"என்னைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். நான் இல்லாமல் பிடுங்க மாட்டார்கள்."

நான் கேலி பேசவில்லை என்று தெரிந்ததும் அவர் சிரிப்பை நிறுத்தினார். ரயில் கிளம்பும்வரை நேரம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனம் வக்கீல்போலப் பேசியது. யார் காத்திருக்கப் போகிறார்கள்? மத்தியானம்வரை பார்ப்பார்கள், பிறகு பிடுங்கிவிட்டுப் போய்ச் சாப்பிடுவார்கள். அதற்காக ஒருவன் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுப்பானா? எல்லாம் நியாயமான வாதங்கள். ஆனால் அந்த ஜனங்களை எனக்குத் தெரியும். காத்திருக்கிறோம் என்று சொன்னால் காத்திருப்பார்கள். புதன்கிழமையும் நிற்கும், வியாழக்கிழமையும் நிற்கும். பாவாயி விடியற்காலையில் எழுந்து ஒரு குடம் அர்த்தநாரிக்கு, ஒரு குடம் எனக்கு என்று ஊற்றிக்கொண்டே இருப்பாள். ஊர் முழுக்கத் தாளிக்காத குழம்பைத் தின்றுகொண்டு, மலாய்க்காரர் எங்கே என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனேன். மானேஜரிடம் நன்றி சொல்லி, வரவில்லை என்றேன். அவர் என் கையைக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். நான் அவருடைய ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல மனிதர். ரயில் நகர்ந்தபோது அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், எழுதினால் என்ன?

புதன்கிழமை

மறுநாள் பஸ் நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்து நின்றது. வேறு டயர் வரும்வரை ஒரு புளியமரத்தடியில் நின்று துடித்தேன். நான் ஊருக்குள் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

கம்பம் நின்றுகொண்டிருந்தது.

கோயிலைச் சுற்றி நிழல் இருந்த இடமெல்லாம் ஜனம். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறார்கள். நோன்புக்கு ஒறம்பரையாக வந்த உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்ப முடியாமல் வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பம் பிடுங்கின பிறகுதான் கிடா வெட்டு. மேச்சேரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து கட்டியிருந்த கிடாக்கள் வேப்பிலையை மென்றுகொண்டிருந்தன. அன்று எனக்கு நன்றி சொல்ல வேண்டியவை அவைதான்.

ஒருவரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "வந்துட்டாருங்க" என்று ஒரு குரல் எழுந்தது. மேளக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பாவாயி வந்தாள். "காலைல ஊத்துனது காஞ்சு போச்சுங்ணா. அப்பறமும் போய் ஊத்தீட்டு வந்தேன்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய புகார்.

அர்த்தநாரி ஓடிவந்து, "எத்தன கோலுங்ணா?" என்றான். சொன்னேன். இடதுகால் பாஸையும் சொன்னேன். முகம் மலர்ந்தது. பிறகு, கேட்கப் பயந்துகொண்டே, "மெட்ராசுங்க?" என்றான்.

"இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவனுக்கு உதடு கோணியது. "நாந்தானுங்ணா. நான் தேதி குடுக்காம இருந்திருந்தா" என்றான்.

"விடுங்க அர்த்தநாரி" என்றேன். அவன் தோளில் கை போட்டேன். அப்போது எனக்கு உண்மையிலேயே அவன்மீது வருத்தம் இல்லை. திருச்சியிலிருந்து கொண்டுவந்த துக்கம் நெஞ்சில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. நான் பிறந்த ஈப்போவிலோ, வளர்ந்த பினாங்கிலோ, ஓர் ஊர் எனக்காக ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதில்லை. எத்தனையோ டீமில் என் பெயர் இருந்திருக்கிறது. நான் வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவோம் என்று யாரும் சொன்னதில்லை. வேறொருவனை இறக்கிவிட்டு ஆடுவார்கள், அதுதான் முறையும்கூட. இங்கே எனக்குப் பதில் இறக்க ஆள் இல்லை என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியதனக்காரர் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கைய வெய்யுங்க சாமி" என்றார்.

வைத்தேன். மரம் சில்லென்று இருந்தது. ஊறி ஊறித் தோல் வழுக்கியது. எனக்கு மேலேயும் கீழேயும் அர்த்தநாரியின் கையும், எங்கள் டீம் ஆட்களின் கைகளும், எனக்குப் பெயர் தெரியாத பெரியவர்களின் கைகளும் இருந்தன. மேளம் வேகமெடுத்தது. இடமும் வலமுமாக அசைத்தோம். மண் இறுகியிருந்ததால் சுலபத்தில் வரவில்லை. நாங்கள் மூச்சுப் பிடித்து இழுத்தபோது, பெண்கள் குலவையிட, ஒரேயடியாக மேலே வந்தது. பாதிப்பேர் மல்லாக்க விழுந்தோம்.

அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பெரியதனக்காரர் என்னோடு நடந்தார். மெட்ராஸைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அர்த்தநாரி சொல்லியிருக்க வேண்டும். சாதாரணமாக வேறொன்று சொன்னார்.

"அடுத்த வருசம் கம்பத்துக்கு மரம் வெட்டப் போறப்ப, ஊட்டுக்கு ஒருத்தர் வரோணும். உங்க ஊட்டுக்கு நீங்கதான் வரோணுமுங்க."

"வாரேனுங்க" என்றேன். முந்தின நாள் திருச்சி ஸ்டேஷனில் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மெட்ராஸ்காரரிடம் அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வாயில் வராமல் போனது.